பெக்கன் தெருவில் அப்படி யாரும் இல்லை

எங்கள் பெக்கன் தெருவில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. கையில் கோப்போடு யாராவது வந்து, ஒரு ஆளின் பெயரை முழுசாகச் சொல்லி விசாரித்தால், அப்படி ஒரு ஆள் பூமியில் பிறக்கவே இல்லை. இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. பிள்ளைகளுக்குப் பல் முளைக்கிறபோதே இதுவும் முளைத்துவிடும். வீட்டு எண் பலகைகளெல்லாம் ஒரு புயலில் பெயர்ந்து விழுந்து பதினோரு வருஷம் ஆகிறது. யாரும் திரும்ப மாட்டவில்லை. கேட்டால் புயல்மேல் பழியைப் போடுவோம்.

நான் ஜெனீவா. இந்த டெல்வுட் ஊரில் முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்ந்தவள். இந்தத் தெருவில் பாதிப் பேரை மூக்கைச் சிந்திவிட்டுப் பள்ளிக்கூடத்தில் இறக்கியிருக்கிறேன். ஓசெல் டார்வரின் வீடு என் வீட்டுக்கு நேர் எதிர்.

ஓசெல் மீன் லாரி ஓட்டுகிறவன். குளத்தில் பிடித்த கெளுத்தியை உயிரோடு தொட்டியில் ஏற்றி, தண்ணீர் அலம்பாமல் மீன் ஆலைக்குக் கொண்டு சேர்ப்பது சாதாரண வேலையில்லை. ஒரு திருப்பத்தை வேகமாக எடுத்தால் மீன் ஒன்றன்மேல் ஒன்று மோதிச் செத்துப்போகும். பதினெட்டு வருஷத்தில் ஒரு சுமை மீனைக்கூட அவன் சாகவிட்டதில்லை. அதே ஆலையில் அவன் மனைவி வெர்லீன் மீன் அறுக்கிறாள். ஐஸ் தண்ணீரில் நின்றபடி நிமிஷத்துக்குப் பதினாறு மீன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கையில் ஒரு டம்ளரைப் பிடிக்க முடியாது.

மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து வரும்போது ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் போலீஸ் தடுப்பு போட்டிருந்தார்கள். "எதுக்கு நிறுத்தறீங்க?" என்று ஓசெல் கேட்டிருக்கிறான். அவ்வளவுதான். கைவிளக்கால் இடது காதோடு சேர்த்து ஒரு அடி. போலீஸ் வேலையைத் தடுத்தான் என்று வழக்கும் போட்டார்கள். வழக்கு முடிகிறவரை லாரிச் சாவி கிடையாது என்றது ஆலை. அந்தக் காது அன்றைக்கு அடைத்ததுதான், இன்னும் திறக்கவில்லை.

ஜூன் மாதம் வாஷிங்டனிலிருந்து குடிமை உரிமை விசாரணைக்காரர்கள் வந்து பாப்டிஸ்ட் சபைக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். டெல்வுட் போலீஸ் எப்படி நடந்துகொள்கிறது, எங்கள் கருப்பு நிறத்துக்கு ஒரு நியாயம் மற்றவர்களுக்கு ஒரு நியாயமா என்று விசாரிக்கிறார்களாம். கூடம் நிறைய ஜனம். கோழி வறுவல் காலியானது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கூட்டம் கலைகிற நேரத்தில் வெர்லீன் மட்டும் போய் ஒரு அட்டையை வாங்கி உள்சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்தாள். அங்கிருந்து பிடித்தது வீட்டுக்குள் சண்டை.

ஆகஸ்ட்டில் அவர்கள் மறுபடி வந்தார்கள். வீட்டுக்கே வந்து வாக்குமூலம் எடுக்கிறோம் என்றார்கள். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஓசெல் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து நான் பட்டர் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு ரெண்டு மணியிலேர்ந்து நாலுக்குள்ள வராங்க," என்றாள் வெர்லீன். "வெள்ளிக்கிழமை காலையில பிளேன் ஏறிடுவாங்களாம். இதான் கடைசி."

"வரட்டும். பீன்ஸ் தின்னுட்டுப் போகட்டும்," என்றான் ஓசெல்.

"பீன்ஸ் பேசாது. நீதான் பேசணும்."

"பேசறேன்னு சொல்லிட்டேன்ல? ஒரு தடவை. ஒரே தடவை. அவங்க வரலைன்னு வையி, அப்புறம் இந்தப் பேச்சையே என்கிட்ட எடுக்கக் கூடாது. சர்ச்சுலயும் கூடாது, படுக்கையிலயும் கூடாது. மிஸ் ஜெனீவா சாட்சி."

"சர்ச்சுக்கு வேணா நான் சாட்சி. படுக்கைக்கெல்லாம் என்னைக் கூப்பிடாதே," என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. வலது காதை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டான். இப்போதெல்லாம் அப்படித்தான். ஆளைப் பார்த்துப் பேசுவதில்லை, பக்கவாட்டில்தான் பேச்சு.

"எனக்கு ஒண்ணு மட்டும் விளங்கல, மிஸ் ஜெனீவா. அடிச்சது போலீசு. போலீசுன்னா கவர்மென்ட்டு. நாளைக்கு வர்றதும் கவர்மென்ட்டுதான். தம்பி அடிச்சான்னு அண்ணன்கிட்ட போய்க் கோள் சொல்றதா? சாயங்காலம் ரெண்டு பேரும் ஒரே மேசையிலதானே உக்காந்து சாப்பிடுவாங்க?"

"இவங்க வேற, அவங்க வேற," என்றாள் வெர்லீன்.

"சட்டைதான் வேற."

"நீ ஒரு ஆளையும் நம்ப மாட்டே."

"நம்பித்தானே 'எதுக்கு நிறுத்தறீங்க'ன்னு கேட்டேன்? சரி, இதைச் சொல்லு. என் கேசை அவங்க நடத்துவாங்களா?"

வெர்லீன் சட்டியைக் கிளறினாள். "இல்லையாம். தனியாள் கேசை எடுக்க மாட்டாங்களாம். ஊர் போலீசு மொத்தமும் எப்படி நடக்குதுன்னு பாத்து எழுதுவாங்களாம்."

"எழுதி?"

"ஒரு வருஷம் ஆகலாம். ரெண்டும் ஆகலாம்."

"அப்போ என் காது எதுக்கு அவங்களுக்கு? கணக்குல ஒண்ணு குறையுதா?"

அவனே தொடர்ந்தான். "நிறத்தை வச்சு நடக்கற அநியாயமாம். என்னை அடிச்ச லமார் பீசன் என்ன நிறம்? நம்ம நிறம். ஞாயித்துக்கிழமைப் பள்ளியில உன் மடியில உக்காந்து பாட்டுப் படிச்சவன். உன் டீ கேக்கை ஒம்போது தின்னவன். அவன் என்னை அடிச்சதுல நிறம் எங்கேர்ந்து வந்துச்சு? நானே குழம்பிக் கிடக்கேன், அவங்ககிட்ட என்னத்தைச் சொல்ல?"

வெர்லீன் கரண்டியைக் கீழே வைத்தாள். "ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், வெள்ளைக்காரங்க தெருவுல லமார் யாரையாவது நிறுத்தி நீ பாத்திருக்கியா? பேங்க்கு வாசல்ல என்னைக்காவது தடுப்பு போட்டிருக்காங்களா? போடச் சொல்ற போலீஸ் சீஃப்பு என்ன நிறம்? கை நம்ம கை, ஓசெல். ஆட்டறவன் யாரு?"

"அப்போ நீயே பேசேன். நல்லாத்தான் பேசறே."

"காது உன்னது மனுசா!"

நான் பீன்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் சொல்வது சரி என்று பட்டது. அவள் சொல்வதும் சரி என்று பட்டது. இந்த வயதில் இப்படி இரண்டு பக்கமும் தலையாட்டுவது எனக்கே வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை வெர்லீன் ஆலைக்கு விடுப்புச் சொன்னாள். ஆலையில் விடுப்புக்கு ஒரு புள்ளி. ஏழு புள்ளி சேர்ந்தால் வேலை போச்சு. அவளுக்கு இது ஆறாவது. விடிந்ததிலிருந்து சமையல். பன்றிக் கழுத்தெலும்பு போட்ட கீரை, பீன்ஸ், சோளரொட்டி, வெண்ணெய் கேக். எதிர்வீட்டு வாசலில் இருந்த எனக்கே வயிறு கூப்பிட்டது. வானம் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. பருத்திக்கு மருந்தடிக்கும் விமானம் தாழப் பறந்துவிட்டுப் போனதில் காற்றில் ஒரு கசப்பு. ஓசெல் கஞ்சி போட்ட சட்டையில் நாற்காலியில் விறைத்து உட்கார்ந்திருந்தான். கல்யாணத்தன்றுகூட அவன் அப்படி உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

இரண்டே காலுக்குத் தெருமுனையில் ஒரு வெள்ளைக் கார் திரும்பியது. கண்ணாடியெல்லாம் கருப்பு. எங்களுக்கு அந்தக் காரைத் தெரியும். சீருடை போடாத போலீஸ்காரர்கள் வாரண்டோடு வருகிற கார் அச்சு அசல் அதுதான். அது தெருவில் நுழைந்தால் நாய்கூடக் குரைக்காது.

முனைவீட்டு மிஸ்டர் பெட்வே புல்வெட்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். எண்பது வயது. கார் அவர் பக்கத்தில் நின்றது. கண்ணாடி நாலு விரல் இறங்கியது. அவர் தலையைச் சொறிந்து, யோசித்து, ரயில் பாதைக்கு அப்பால் கையைக் காட்டினார். கார் போனது. பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து என் வேலியோரம் நின்றது. நான் கீரைப்பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன்.

ஓட்டினவன் ஒரு ஒல்லி வெள்ளைக்காரன். "மேடம், ஓசெல் ஜேம்ஸ் டார்வர் வீடு எதுன்னு தெரியுமா?"

முழுப்பெயர். மடியில் கோப்பு.

"டார்வரா?" என்றேன். "ஐயோ, அவங்க சிகாகோ போயி நாலு வருஷம் ஆச்சே தம்பி. பாவம், நல்ல ஜனம். அங்கே சொந்தத்துல வீடு பிடிச்சுட்டாங்களாம். கிறிஸ்துமஸுக்கு அட்டை அனுப்பினாங்க."

ஒரு பொய் போதும். நான் மூன்று சொன்னேன். சொல்லும்போது கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, மறைப்பானேன். கார் நகர்ந்ததும் குழாயை அப்படியே போட்டுவிட்டு எதிர்வீட்டுக்கு ஓடினேன்.

வெர்லீன் வீட்டில் இல்லை. இனிப்புத் தேநீருக்கு ஐஸ் போதவில்லை என்று முனைக் கடைக்குப் போயிருந்தாள். நான் ஓசெலிடம் வாயைத் திறப்பதற்குள் பின்வாசல் வழியாக அவளே வந்துவிட்டாள். தோளில் ஐஸ் பை. மூச்சு இரைத்தது.

"ஓசெல், ஓடு! வெள்ளைக் கார்! உன் பேரு முழுசாச் சொல்லிக் கேக்கறான்!"

"இங்கேயும் கேட்டான்," என்றேன்.

"பாத்தியா?" என்றான் ஓசெல். கோபம்கூட இல்லை, அயர்ச்சிதான். "நான் வாயைத் திறக்கப் போறேன்னு எவனோ ஊதிட்டான். பேசறதுக்கு முன்னாடியே வாரண்ட்டு. சொன்னேன்ல, அண்ணன் தம்பின்னு?"

"பேசாம போ மனுசா!"

பின்னால் ஒரு வாய்க்கால். அதைத் தாண்டினால் இடுப்பளவு வளர்ந்த சோயா வயல். கஞ்சி போட்ட சட்டையோடு இறங்கி அதற்குள் போய்விட்டான். செடிகள் கொஞ்ச நேரம் அசைந்தன. பிறகு வெயில் மட்டும்தான்.

நாங்கள் இருவரும் அடுப்படியில் உட்கார்ந்தோம். "அந்த வாஷிங்டன்காரங்களும் இப்போ வந்துட்டா என்ன பண்றது?" என்று அவள் நாலு தடவை கேட்டாள். மூன்றரை ஆயிற்று. ஒருவரும் வரவில்லை. அப்போதுதான் ஜாடிக்குப் பின்னால் கிடந்த தன் போனை எடுத்துப் பார்த்தாள். நாலு அழைப்பு, ஒரு குரல்செய்தி. ஒலிபெருக்கியில் போட்டாள். ஒரு பெண் குரல்.

"மிஸஸ் டார்வர், நான் ரெனார்ட், குடிமை உரிமைப் பிரிவுலேர்ந்து. உங்க வீட்டைக் கண்டுபிடிக்க முடியலை. வெள்ளைக் கார்ல இருக்கோம். தெருவுல மூணு பேர்கிட்ட கேட்டுட்டோம். ஒருத்தர் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் அனுப்பினாரு. ஒரு அம்மா நீங்க சிகாகோ போயிட்டதாச் சொன்னாங்க. கடைகிட்ட ஒருத்தங்க, அப்படி யாருமே இல்லைன்னாங்க. உங்களுக்குப் பேச விருப்பமில்லைன்னா பரவால்ல, நாங்க புரிஞ்சுக்கறோம்."

வெர்லீன் என்னைப் பார்த்தாள். "சிகாகோவா, மிஸ் ஜெனீவா?"

"கடைகிட்ட ஒருத்தங்கன்னு சொல்றாளே, அது யாரு?"

அவள் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். "நான்தான். என் புருசனையே அப்படி யாரும் இல்லைன்னு சொன்னேன். அந்த ஆளோட முகத்தைக்கூடப் பாக்கலை. வாய் தானா சொல்லிடுச்சு."

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்திருக்கிறது. தெருவே சேர்ந்து விரட்டியடித்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. வெர்லீனுக்கு இரண்டும் வரவில்லை. மரத்துப்போன விரலால் எண்ணை அழுத்தினாள். ஒரு தடவை தப்பிவிட்டது. நான் வாங்கி அழுத்தினேன். நெடுஞ்சாலை ஏறிவிட்டார்களாம். திரும்புகிறோம் என்றார்கள்.

வெள்ளைக் கார் வாசலிலேயே வந்து நின்றது. ஒல்லி வெள்ளைக்காரன் இறங்கினான். பின்னிருக்கையிலிருந்து இறங்கியவள் எங்கள் நிறத்துப் பெண். முப்பது வயது இருக்கும். சின்னச் சின்னதாகப் பின்னிய முடி, காலில் ஓடுகிறவர்கள் போடும் ஷூ. இவளைத்தான் கருப்புக் கண்ணாடிக்குப் பின்னால் யாரும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்ததும் ஒல்லிக்காரன் நின்றுவிட்டான்.

"சிகாகோ அம்மா," என்றான்.

"அது என் வாய் பண்ணின வேலை தம்பி," என்றேன். வேறென்ன சொல்ல?

"மிஸ்டர் டார்வர்?" என்று கேட்டாள் ரெனார்ட்.

வெர்லீன் பின்வாசலைத் திறந்து சோயாவைக் காட்டினாள். "அதுக்குள்ள இருக்காரு."

பிறகு அவள் வாய்க்கால் கரையில் நின்று கூப்பிட்ட கூப்பாடு இன்னும் என் காதில் இருக்கிறது. "ஓசெல்! வந்துட்டாங்க! நல்லவங்கதான்! வா!" ஒரு செடி அசையவில்லை. அவள் திரும்பி என்னிடம் சொன்னாள்: "வர மாட்டாரு. என் முதுகுல துப்பாக்கியை வச்சுக்கிட்டுப் போலீசு கூப்பிடச் சொல்லித்தான் கூப்பிடறேன்னு நினைப்பாரு. பெட்வே மருமகனை அப்படித்தானே பிடிச்சாங்க?"

"நானும் கூப்பிடட்டுமா?" என்றாள் ரெனார்ட்.

"உன் குரல் அவனுக்கு என்னத்தைச் சொல்லும்?" என்றேன். "காரை எடும்மா. அங்கேர்ந்து அவனுக்குத் தெரியறது அது ஒண்ணுதான்."

"விமான நிலையத்துல வாடகைக்கு வேற கார் இல்லைன்னு இதைக் குடுத்தாங்க. இதுல என்ன..." என்று ஆரம்பித்தவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். எதையோ எழுதப் போய், அதையும் நிறுத்திக் கோப்பை மூடினாள். சாவியை வாங்கிக்கொண்டு தானே ஓட்டிப்போய்ச் சபைக் கூடத்துக்குப் பின்னால் விட்டாள். அந்த வெயிலில் அரை மைல் நடந்து திரும்பினாள். மிஸ்டர் பெட்வே புல்வெட்டியை விட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் அவள் பின்னாலேயே நடந்து வந்தார். கோப்பு வைத்திருக்கிற ஒருத்தி எங்கள் தெருவில் வியர்த்து நடப்பதை அவர் ஆயுளில் பார்த்ததில்லை.

நாலரைக்குச் செடி அசைந்தது. ஓசெல் வாய்க்காலைத் தாண்டி வந்தான். முழங்கால்வரை சேறு, சட்டை முழுதும் இலைக்கறை. ஒருவரையும் பார்க்காமல் குழாயடியில் கால் கழுவினான். உள்ளே வந்து மேசையில் தன் இடத்தில் உட்கார்ந்தான். வாருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. ரெனார்ட் காலியாக இருந்த நாற்காலியில், அவன் இடது பக்கம் உட்கார்ந்தாள். ஒல்லிக்காரன் சுவரோரம் நின்றான். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"முதல்ல பதிவுக்காகக் கேக்கறேன் சார்," என்றாள். "நீங்க ஓசெல் ஜேம்ஸ் டார்வர்தானே?"

அவன் கீரைச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெர்லீன் மேசைத்துணியின் நுனியைப் பிடித்துக் கசக்கினாள். தெருவின் சட்டம் அவன் நாக்கிலும்தானே இருக்கிறது? ஒரு தடவை, ஒரே தடவை என்றவன். அந்த ஒரு தடவையும் போயிற்று என்று நினைத்தேன்.

"சார், நீங்கதானே ஓசெல் டார்வர்?"

இப்போது ஓசெல் அவள் பக்கம் திரும்பினான். கேள்வி காதில் விழுந்து திரும்பியவனாகத் தெரியவில்லை. அவள் உதடு அசைந்ததைக் கடைக்கண்ணில் பார்த்துத்தான் திரும்பியிருக்க வேண்டும். கையை உயர்த்தி வலது பக்கத்தைக் காட்டினான்.

"இந்தப் பக்கம் வந்து கேளும்மா. அந்தக் காதை உங்க ஆளுங்க எடுத்துட்டாங்க."

ரெனார்ட் வாயைத் திறந்தாள். அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை என்று சொல்லத்தான் போகிறாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. எழுந்து நாற்காலியைத் தூக்கினாள். வெர்லீனைச் சுற்றிக்கொண்டு, மேசைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்தாள். முதலிலிருந்து கேட்டாள்.

"ஆமா," என்றான் ஓசெல். "நான்தான்."

பெக்கன் தெருவில் ஒருவன் கோப்புக்காரியிடம் தன் பெயரை ஒப்புக்கொண்டதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். அது நல்லதற்கா கெட்டதற்கா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. வாசற்படியில் நின்ற மிஸ்டர் பெட்வே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வெர்லீன் தேநீர் ஊற்ற ஐஸ் பையைத் தூக்கினாள். உள்ளே தண்ணீர்தான் இருந்தது. அதையே டம்ளர்களில் விட்டு எல்லோருக்கும் கொடுத்தாள்.